வானுக்குக் குடிபூரல்

நான் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றி ஓடின ஒரு பழைய வானுக்குள் குடியிருக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மகளோடை ஏதும் பிரச்சினையோ?" என்பார்கள். சிரிப்பை நான் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகளோடு ஒரு பிரச்சினையும் இல்லை. வீடுதான் பிரச்சினை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். என் தாயார் எனக்குத் தந்த வீட்டை நான் என் ஒரே மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தேன். மருமகன் வந்தார், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். பிறகு மருமகனின் தாயும் தகப்பனும் வந்தார்கள். அவர்களுடைய மகள் தன் சீதன வீட்டை விற்றுவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். பாவம், அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

நல்ல மனிசர்தான். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கக்கூசுக்குப் பக்கத்தில் இருந்தது என்னுடைய அறை. நானாகவே எழும்பிக் கொடுத்தேன். என் கட்டில் ஹோலுக்கு, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் ஆருக்குத் தாகம் எடுத்தாலும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். பேரன் ஐஸ்கிறீம் எடுக்க வந்தாலும் நான் காலை மடக்கவேண்டும். வேலைக்காலம் முழுவதும் தபால் கந்தோரில் கம்பிக் கூண்டுக்குப் பின்னால் இருந்தவள் நான். அந்தக் கூண்டின் கதவை நானே பூட்டி நானே திறந்தேன். பென்சன் எடுத்த பிறகு எனக்கென்று ஒரு கதவு இல்லாமல் போனது.

சாவகச்சேரியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு, தகப்பன் வழியில் வந்த ஒரு காணி எங்களுக்கு உண்டு. நல்ல தண்ணீர்க் கிணறு, சில மாமரங்கள், மூலையில் ஒரு பழைய கக்கூஸ். மின்சாரக் கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. காணி இன்னும் பங்கு பிரிக்கப்படவில்லை. சகோதரங்கள் ஆளுக்கொரு நாட்டில். அத்திவாரம் வெட்டுவதென்றால் எல்லோரும் ஒப்பமிடவேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டுப் பார்த்தேன். அண்ணை "பாப்பம்" என்று எழுதினார். தம்பி கைகூப்புகிற படம் ஒன்று அனுப்பினான். தங்கச்சி, "அக்கா, உடம்பைக் கவனமாப் பாருங்கோ" என்றாள். அந்தக் கோபத்தில்தான் எனக்கு உறைத்தது: ரயர் பூட்டி உருட்டுகிற சாமானுக்கு அத்திவாரம் தேவையில்லை. ஒப்பமும் தேவையில்லை.

பள்ளிப்பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் களைத்துப்போன வான் ஒன்று எங்கள் ஒழுங்கையிலேயே கிடந்தது. எஞ்சின் ஓடும். கூரைதான் மழைக்கு ஒழுகும். வாகனம் திருத்துகிற கராச்சுக்காரர் பார்த்துவிட்டு, கூரையை மாற்றச் சொன்னார். தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது ஆருடைய தொழில் என்று யோசித்து, குருநகரில் ஃபைபர் படகு செய்கிற ஒருவரைப் பிடித்தேன். கூரையைப் பார்க்க வந்தவர், முழு வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அவருக்கு வீடு கட்டத் தெரியாது. எதைக் கட்டினாலும் படகாகவே வரும். கட்டிலுக்கு என் பழைய அலுமாரிக் கதவைக் கொடுத்தேன், அதன் கீழே மூடி போட்ட அறைகள் வைத்தார். தண்ணீர்த் தாங்கியை வானின் வளைவுக்கு ஏற்றமாதிரி ஃபைபரில் வார்த்தார். கோப்பை, தட்டு, தாச்சி எல்லாவற்றையும் ஆடாமல் கயிற்றால் கட்டினார்.

"கடலுக்கை இறக்கினாலும் ஒரு சொட்டுத் தண்ணி வராது அக்கா."

"நான் ஏன் கடலுக்குப் போறன்? கண்டி ரோட்டுக்கே போறதா உத்தேசமில்லை."

கூரையில் சோலர் பனல் ஏறியது. இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் பற்றறியையும் இன்வேட்டரையும் அடுப்பு மேடைக்குக் கீழே வைத்தோம், வயர் போக மேடையில் ஒரு துளை. ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, போனுக்கு ஒரு பிளக். யன்னல் திரைக்கு என் சேலைகளை வெட்டினேன். காசைவிட வீட்டில் சும்மா கிடந்த சாமான்தான் அந்த வானுக்குள் கூடப் போனது.

வானை வாங்கியபோது மகள் சிரித்தாள். கட்டில் ஏறிய அன்றுதான் அவளுக்கு விளங்கியது.

"ஊர்ச்சனம் என்னம்மா சொல்லும்? தாயைக் கொண்டுபோய் வானுக்கை விட்டிட்டாள் எண்டெல்லே கதைக்கும்?"

"கதைக்கிறவை வந்து பிரிட்ஜுக்குப் பக்கத்திலை ஒருநாள் படுத்துப் பாக்கட்டும்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை, ஆனால் என் வாய்க்கு எப்போதும் கொஞ்சம் அவசரம். அன்றோடு அவள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வரும், தேத்தண்ணீர் வரும், "அம்மம்மாவைச் சாப்பிட வரட்டாம்" என்று பேத்தி வழியாகத் தகவலும் வரும். அவள் முகம் மட்டும் வராது.

வெளியில் நான் படகுக்காரரோடு பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். ஒரு கதவுக்காக ஒரு பிள்ளையைத் தொலைக்கப்போகிறேனா? பால் காய்ச்சிக் குடிபுகுகிற குடிபூரல் அன்று அவள் வானுக்குள் காலடி வைக்காவிட்டால், வானை விற்றுவிட்டு ஹோலுக்கே திரும்புவதென்று முடிவெடுத்தேன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

வானுக்குக் குடிபூரலா என்று கேட்காதீர்கள். பால் காய்ச்சாத இடத்தில் எனக்கு நித்திரை வராது. நாள் கேட்க ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"வாசல் எந்தத் திசை அம்மா?"

"நீங்கள் சொல்லுங்கோ ஐயா, அந்தப் பக்கம் திருப்பி விடுறன்."

பஞ்சாங்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கிழக்கு என்றார், ஒரு நேரமும் குறித்துத் தந்தார். தான் வருவதாக மட்டும் சொல்லவில்லை. படகுக்காரர் வானைக் காணிக்குக் கொண்டுபோய், மாமரங்களுக்கு நடுவில் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்து, கதவு கிழக்கைப் பார்க்க நிறுத்தினார்.

குறித்த காலையில் மகள் வந்தாள். வராவிட்டால் ஊர் கதைக்கும், அதனால் வந்தாள். நிறைகுடத்தை வாசலில் என் கையில் தந்துவிட்டு, மாமரத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். "உள்ளுக்கை வா பிள்ளை" என்றேன். வெயிலைப் பார்க்கிறவள்போல வேறு பக்கம் திரும்பினாள்.

"படகெண்டால் ஃபாதர் வந்து தண்ணி தெளிப்பார். நீங்களும் ஏதாவது தெளியுங்கோ அக்கா" என்றார் படகுக்காரர். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பானையைக் காஸ் அடுப்பில் வைத்துப் பாலை விளிம்பு மட்டும் ஊற்றினேன். "வெளியிலை கல்லடுப்பு வைச்சுக் காய்ச்சுவமே?" என்று அவர் ஒருமுறை கேட்டார்தான். "குடிபூரல் எண்டால் வீட்டுக்கை தான்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

மற்ற நாட்களில் பால் பொங்கிவிடக் கூடாதென்று அடுப்படியில் காவல் நிற்கிற நாங்கள், குடிபூரல் அன்று மட்டும் பொங்கி வழியவேண்டுமென்று கைகூப்பிக்கொண்டு நிற்போம். மாதக்கணக்காக ஒவ்வொரு துளையையும் ஒவ்வொரு ஆணியையும் யோசித்துப் போட்டோம். படகுக்காரர் மழையை யோசித்தார், நான் வெயிலை யோசித்தேன். பால் வழிந்தால் முதலில் எங்கே போகும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக, அவ்வளவு வடிவாக வழிந்தது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். படாரென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், வயர்த் துளைக்குள்ளிருந்து புகை. அறிவுள்ளவள் வெளியே ஓடியிருப்பாள். நான் குனிந்து மேடையின் மூடியைக் கழற்றப் போனேன்.

"அம்மா! விடுங்கோ அதை! வெளியாலை வாங்கோ!"

எப்போது பாய்ந்து ஏறினாள் என்று தெரியாது. ஒரு கையால் அடுப்பை நிற்பாட்டினாள், மறு கையால் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். இருவருமாகப் புல்லில் வந்து விழுந்தோம். படகுக்காரர் பின்கதவால் கையை விட்டுப் பற்றறி வயரைப் பிடுங்கினார். புகை மெல்ல அடங்கியது. பற்றறி தப்பியது, இன்வேட்டர் முடிந்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "கடல்லை பால் இல்லைத்தானே அக்கா" என்றார்.

மகள் என்னைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். காயம் இல்லை என்று தெரிந்ததும் வாய் திறந்தது.

"உங்களுக்கென்ன விசரே அம்மா? நான் உங்களைக் கலைச்சுவிட்டனானே? ஒரு சொல்லுச் சொன்னனானே? ஏன் இப்பிடி என்னை விட்டிட்டுப் போறியள்?"

அவள் ஏசிக்கொண்டே போனாள். எனக்கோ நாதஸ்வரம் கேட்டதுபோல இருந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு என் பிள்ளை என்னோடு கதைக்கிறாள்!

"உன்னை விட்டிட்டுப் போகேல்லை பிள்ளை," என்றேன். "அந்த வீட்டிலை எல்லாருக்கும் இடம் விட்டு விட்டு, எனக்கு நிக்க இடமில்லாமல் போச்சு. அது உன்ரை பிழையில்லை. என்ரை பிழையுமில்லை. எனக்கு நான் பூட்டித் திறக்க ஒரு கதவு வேணும், அவ்வளவுதான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு துணியை எடுத்து, வானுக்குள் ஏறிப் பாலைத் துடைக்கத் தொடங்கினாள். அவள் குந்தியிருந்து துடைப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது, அவள் உள்ளே இருக்கிறாள். இனி வானை விற்கத் தேவையில்லை. மரத்தில் சாய்ந்துகொண்டு நன்றாக அழுதேன். புகை கண்ணில் பட்டதென்று படகுக்காரருக்குச் சொன்னேன். அவரும் நம்பினமாதிரி நடந்துகொண்டார்.

அவர் பற்றறியை வானின் பின்பக்கத்துக்கு மாற்றினார். பானையில் மிஞ்சின பாலில் நான் தேத்தண்ணீர் போட்டேன். மகள் ஒவ்வொரு லாச்சியாக இழுத்துப் பார்த்தாள், திரையைத் தடவி "உது என்ரை சாமத்தியச் சடங்குக்கு நீங்கள் கட்டின சேலையெல்லே?" என்று கோபித்தாள். கட்டில் கடினமாக இருக்குமே என்று சொல்லிக்கொண்டு சாய்ந்து பார்த்தாள். மாமரக் காற்று யன்னலால் வந்தது. தேத்தண்ணீர்க் கோப்பையோடு திரும்பினால், அவள் வாயைத் திறந்தபடி நித்திரை. காலையில் முதல் ஆளாக எழும்பி, மாமன் மாமிக்கும் புருசனுக்கும் பிள்ளைகளுக்கும் ஓடுகிறவள். படகுக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

மத்தியானம் தாண்டி அவளுடைய போன் அடித்தது. நான் எடுத்தேன், மருமகன்.

"மாமி, அவ இன்னும் அங்கையே நிக்கிறா? வீட்டிலை ஒருத்தரும் சாப்பிடேல்லை."

எழுப்புவதா விடுவதா என்று நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை, திரும்பிப் படுத்தாள்.

"அம்மா வீட்டை வந்து நிக்கிறன், பொழுதுபடத்தான் வருவன் எண்டு சொல்லுங்கோ."

பிறந்த வீட்டிலேயே தாலி கட்டி அதே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல அவளுக்கு அதுவரை ஓர் இடம் இருக்கவில்லை. நான் அதை மருமகனுக்கு அப்படியே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.