மேல்மலைக்கு ஏறிய ஒல்லி டயர்

புஷ்பராணி குவைத்தில் வேலை செய்தபோது வண்டி ஓட்டப் பழகியவள். ஊர் திரும்பியதும் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, கொஸ்லந்தவிலிருந்து மேல்மலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஆள் ஏற்றினாள். எஞ்சினுக்கு வலு குறைவு. பாதையிலுள்ள கற்கள் வண்டியின் அடியில் இடிக்கும். மழை பெய்தால் ஜீப் பாதி மலையோடு நின்றுவிடும்.

பெரிய டயர் போட்டால் சரியாகும் என்று பதுளைக்குப் போனாள். டயர் கடை நப்ரீஸ் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"ரொம்பப் பெருசு போட்டா வண்டி உசரும் அக்கா, ஆனா இந்த எஞ்சினால அதைச் சுத்த ஏலாது. கொஞ்சம் உசரமா, ஒடுக்கமா உள்ளதப் போடுங்க. சேத்தை வெட்டிக்கிட்டு அடித்தரையப் புடிக்கும்."

"இவ்வளவு ஒல்லியாவா?" என்றவள் அரைமனதோடு சம்மதித்தாள்.

மறுவாரம், கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அதே லயத்து முருகையாவை வீட்டுக்கு ஏற்றி வந்தாள். மூன்று நாள் மழையில் பாதை களியாகிக் கிடந்தது. ஜீப் ஆள் நடக்கிற வேகத்தில் ஏறியது. வழக்கமாக நின்றுபோகும் வளைவில் சக்கரம் வழுக்கியது. பிறகு எதையோ பற்றிக்கொண்டு மெதுவாக மேலேறியது.

"நிக்கலையே புள்ள," என்றார் முருகையா.

அவரை லயத்தில் இறக்கிவிட்டு, அந்த வளைவுக்கு நடந்தே போனாள். டயர் கிழித்த தடத்தில், ஒரு சாண் ஆழத்தில், பாறை வெளிறித் தெரிந்தது. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவள் மிதித்த பாதை அது; சேற்றுக்கு அடியில் பாறை இருப்பதை இன்றுதான் பார்த்தாள். குனிந்து, அந்தப் பாறைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.