கறுப்பு ஓரம் வைத்த கேம் பெட்டிகள்

சுதாகரன் அன்று பிள்ளையை இடிக்கவில்லை. ஒரு சாண் தூரத்தில் தப்பியது. யட்டியாந்தோட்டையில் பள்ளிக்கூட வாசலில் ஏழு பிள்ளைகளையும் ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டு, முன்னே பார்த்து வண்டியை எடுத்தான். கீழே விழுந்த தண்ணீர்ப் போத்தலை எடுக்க, ஏழு வயது ஸம்ஹா இடது பக்கம் குனிந்திருந்தாள். யாரோ கத்தினார்கள். பிரேக்கை மிதித்தான். மிரண்டு விழுந்த பிள்ளைக்கு முழங்காலில் தோல் உரிந்ததோடு போயிற்று.

"ஓடி வந்து குறுக்க விழுந்துட்டா," என்றான், பிற்பகல் சந்தியில் ஸம்ஹாவைக் கூட்டிப்போக வந்த தாய் ஆஸியாவிடம்.

ஆஸியா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். "மெதுவா எறங்கத் தெரியாதா ஒனக்கு? அண்ணே, நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

பிள்ளை ஓடி வரவில்லை. அது அவனுக்குத் தெரியும்.

ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வருடமாகக் கதவு நிலையில் தோள் இடிக்கிறது, தேநீர்க் கோப்பையைக் கை தட்டிவிடுகிறது. வயதுக் கோளாறு என்று சொல்லிக்கொண்டான். பொழுது சாய்ந்தால் சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கண் மங்கும். முதுகு வலி என்று சொல்லி ஐந்து மணிக்கெல்லாம் ஆட்டோவைத் தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலில் நிறுத்திவிடுவான். இதெல்லாம் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள்.

அந்த வாரமே ஆட்டோ ஸ்டாண்டில் ஆஸிக் போனை நீட்டினான். ஆஸிக்கும் ஆட்டோக்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணே, நீங்க பேமஸ்! பளீலா அக்கா கடையில நீங்க வரைஞ்ச பழைய கேம் பெட்டி ஒண்ணு பாத்தேன். போட்டோ புடிச்சு பேஸ்புக்ல போட்டேன். ஊரே சிரிக்குது."

கையகலப் பெட்டி. விண்வெளிச் சண்டை கேம். கதாநாயகன் கையில் ரப்பர் பால்வெட்டுக் கத்தி. பின்னால் பறக்கிற கப்பலுக்குத் தோட்டத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தின் தகரக் கூரை.

"கத்தி சரிதான்," என்றான் சுதாகரன். "வேற கத்திய நான் எங்க கண்டேன்?"

"கத்திய விடுங்க. எல்லாரும் கேக்குறது இதத்தான். பெட்டியில இவ்வளவு எடம் இருக்க ஆள ஏன் எறும்பாட்டம் நடுவுல வச்சீங்க? சுத்தி கறுப்பா விட்டுட்டு? பெயிண்ட் முடிஞ்சிருச்சா?"

ஸ்டாண்டே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அந்தப் பெட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பி வரைந்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம்.

இருபத்தொரு வயதில் பால்வெட்டை விட்டவன் அவன். விடியுமுன் மரத்தடிக்குப் போகவேண்டிய வேலை அது. இருட்டில் தடுக்கி விழுவான், பட்டையைக் கோணலாக வெட்டுவான், கங்காணி வாயில் வந்ததெல்லாம் ஏசுவார். கடைத்தெருவில் கபூர் முதலாளி அப்போது டீவி கேம் கசட்டுகளை வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். கொழும்பிலிருந்து உரச்சாக்கில் வெறும் கசட்டாக வரும். கறுப்பு அட்டையில் பெட்டி செய்து படம் போட ஆள் வேண்டியிருந்தது. சுதாகரனுக்குக் கோயில் சுவரில் மயில் வரைந்த அனுபவம் இருந்தது. ஒரு கேமையும் அவன் ஆடியதில்லை. முதலாளி கதை சொல்லுவார்: "இதுல ஒருத்தன் ஓடுவான், முதலை வரும், கடைசியில ராசாத்திய மீட்பான்." அவன் வரைவான். முதலைக்குக் கபரகொய்யா உடும்பின் நாக்கு, ராசாத்திக்குத் தாவணி. பதினோரு வருடம் வரைந்தான். பிறகு கசட் காலம் முடிந்தது, ஆட்டோ எடுத்தான்.

சனிக்கிழமை அவன் மனைவி சுகந்தினி லீவில் வந்தாள். பராமரிப்புப் பயிற்சி எடுத்து அவிசாவளையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். பேஸ்புக் செய்தி அவளுக்கு முன்னமே போயிருந்தது.

"வாங்க, பளீலா கடைக்குப் போவோம். என்னைத் தாவணியில ராசாத்தியா வரைஞ்சீங்களே, அது இருக்கானு பாக்கணும்."

பளீலா கபூர் முதலாளியின் மகள். அதே கடையில் இப்போது பிளாஸ்டிக் வாளி விற்கிறாள். பரணிலிருந்து பழைய கேம் பெட்டிகள் நிறைந்த ஒரு சாக்கை இறக்கினாள். "வாப்பா ஒண்ணையும் வீசமாட்டார். பின்னால திகதியும் எழுதியிருக்கார், பாருங்க."

சுகந்தினி மேசையைத் துடைத்துத் திகதி வாரியாக அடுக்கினாள். முதல் வருடத்து ராசாத்தியின் தாவணி பெட்டி ஓரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் மடிந்து பறந்தது. "மூக்கு என்னுது இல்ல," என்றாள். பளீலா சிரித்தாள்.

மூன்றாம் வருடத்தில் ஓரத்தில் விரல் கனத்துக்குக் கறுப்பு. ஆறாம் வருடத்தில் இரண்டு விரல். கடைசி வருடத்து வீரன் தீப்பெட்டி அளவில் நடுவில் நின்றான்.

சுகந்தினி சிரிப்பை நிறுத்தினாள். இரண்டு பெட்டிகளை எடுத்து மறுபடி திகதி பார்த்தாள்.

"குந்துங்க. என் மூக்கையே பாருங்க. கண்ண அசைக்கக் கூடாது. பக்கத்துல என் விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்ல. பாருங்க."

இரண்டு கைகளையும் காதுக்கு நேரே விரித்து, விரல்களை ஆட்டியபடி மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். பளீலா பார்த்துக்கொண்டே நின்றாள். விரல்கள் சுகந்தினியின் கன்னத்தைத் தொடப்போன பிறகுதான், "இப்ப தெரியுது," என்றான்.

பளீலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு வருசமாத்தான்," என்றான் அவன், யாரும் கேட்காமலே.

"பொய். இருபத்தஞ்சு வயசுக்கு முன்னயே ஆரம்பிச்சிருக்கு. ஒங்க கையாலயே வரைஞ்சு வச்சிருக்கீங்க."

அவன் கடைசிப் பெட்டியைக் கையில் எடுத்தான். நேரே பார்த்தான். நிறைந்துதான் இருந்தது. தலையைத் திருப்பினால்தான் கறுப்பு தெரிந்தது.

வீட்டில் அவன் கெஞ்சினான். பள்ளிக்கூடத் தவணை முடியட்டும் என்றான். மெதுவாக ஓட்டுகிறேன் என்றான். ஆட்டோவில் இன்னும் நாலு கண்ணாடி வைக்கிறேன் என்றான்.

"கண்ணாடியப் பாக்கவும் கண்ணு வேணும்," என்றாள் சுகந்தினி. "செவ்வாக்கெழம இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போறோம். போன பார்வை திரும்பும்னு நெனைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் திரும்பாது. மிச்சத்த வச்சு எப்படி நடமாடுறதுனு சொல்லுவாங்க."

"வண்டிய விட்டுட்டு நான் என்னா செய்றது? வாசல்ல குந்திக்கிட்டுக் கோழி வெரட்டவா?"

"தெரியல. யோசிப்போம்." அவள் சாவியைக் கேட்கவில்லை. "புள்ளைங்க வீட்டுல நான் போய்ச் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

ஞாயிறு முழுக்க அவன் ஆட்டோவைக் கழுவினான். சுத்தமான வண்டியை மறுபடி கழுவினான். எதிரில் நின்று, எந்த இடத்தில் ஸம்ஹா குனிந்திருந்தாள் என்று பார்த்தான். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து அங்கே ஒரு வாளியை வைத்து, முன்னே பார்த்தான். வாளி இல்லை. தலையைத் திருப்பினான், வாளி இருந்தது. பத்துத் தடவை செய்தான். பத்துத் தடவையும் அப்படித்தான்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்குச் சந்திக்கு நடந்தே போனான். பிள்ளைகளும் தாய்மாரும் நின்றிருந்தார்கள்.

"வண்டி எங்க அண்ணே? பஞ்சரா?" என்றாள் ஆஸியா.

"இனி நான் ஓட்டல தங்கச்சி. எனக்குப் பக்கவாட்டுல கண்ணு தெரியாது." "அன்னைக்கு ஒங்க புள்ள ஓடி வரல. அங்கயேதான் குனிஞ்சிருந்திச்சி. நான் பாக்கல. பொய் சொன்னேன்."

ஆஸியாவின் முகம் வெளுத்தது. "எத்தன நாளா இப்படி?"

"ரொம்ப வருசமா."

அவள் ஏசுவாள் என்று நின்றான். அவள் ஏசவில்லை. குனிந்து ஸம்ஹாவின் முழங்கால் பிளாஸ்டரைத் தடவினாள், பிறகு அன்று அடித்த முதுகை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும் பக்கமாக நடந்தாள். மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருத்தி மட்டும், "நேரத்தோட சொல்லியிருக்கலாமே," என்றாள்.

சந்தி காலியாயிற்று. லயத்துக்குத் திரும்ப ரோட்டைக் கடக்கவேண்டும். சுகந்தினி சொல்லிக்கொடுத்தபடி தாடை தோளில் முட்டும்வரை இடது பக்கம் திரும்பிப் பார்த்தான், பிறகு வலது பக்கம். வலது பக்கம் பார்க்கும்போது இடது பக்கம் இல்லாமல் போயிற்று. மறுபடி இடது பக்கம் திரும்பினான்.