ஒரு பாட்டில் மரியாதை

எனக்கு ஆறு வருடங்களாக உடம்பு முழுக்க வலி. தோளில் தொடங்கும், இடுப்புக்கு இறங்கும். வகுப்பில் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் முழங்கைவரை எரியும். எடுத்த ஸ்கேன்களை அடுக்கினால் பீரோவில் ஒரு தட்டு நிறையும். எல்லாவற்றிலும் ஒரே பதில்: நார்மல். அந்த வார்த்தையைக் கேட்டு அழுத நோயாளி கறம்பக்குடியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"ஸ்கேனுக்கே தெரியாத வலி ஒனக்கு மட்டும் எப்புடித் தெரியுது?" என்று கேட்டார் என் கணவரின் அக்கா. விருந்தாளி வரும் நாளாகப் பார்த்துத்தான் எனக்கு வலி வருகிறதாம். இதை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். அவர் பேசட்டும். நான் தெரிந்துகொள்ளத் தவித்தது ஒன்றே ஒன்றுதான்: என் கணவர் என்னை நம்புகிறாரா? "வலிக்குதுங்க" என்றால் "ம்" என்பார். மழை வரும்போல இருக்கிறது என்றாலும் அதே "ம்"தான்.

போன மாதம் புதுக்கோட்டையில் வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டர், இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். மாத்திரைக்கு வலி கேட்காததால், மரத்துப்போகப் போடும் மருந்தையே குறைந்த அளவில் ரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம் என்றார். சிலருக்குக் கேட்குமாம், சிலருக்குக் கேட்காதாம். கேட்டாலும் கொஞ்ச நாள்தானாம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இதயத்துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே ஏற்றினார்கள். "நாக்கு மரத்தா ஒடனே சொல்லணும்" என்றார் நர்ஸ்.

என் கணவர் செய்த தவறு, தன் அக்காவிடம் போனில் "டிரிப்ஸ் ஏறுது" என்று சொன்னது. எங்கள் பக்கம் மற்ற சீக்குக்கெல்லாம் போனில் விசாரித்தால் போதும். பாட்டில் தொங்குகிறது என்றால் நேரில் போய்ப் பார்த்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் உறவு முறிந்துபோகும். மருந்து பாதி இறங்குவதற்குள் ஒரு வேன் வந்துவிட்டது. பதினோரு பேர், ஒன்பது பிரெட் பாக்கெட்.

அக்கா பாட்டிலை அண்ணாந்து பார்த்தார். "என்னங்க சிஸ்டர், இம்புட்டூண்டு இருக்கு? டீச்சர் வேலை பாக்குறவ, பெருசா ஒண்ணு ஏத்துங்க." பிறகு திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்தார், அழ ஆரம்பித்துவிட்டார். "இம்புட்டையும் வச்சுக்கிட்டா ஆத்தா எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட!" ஆறு வருடங்களாக அவருக்கென்றே சேர்த்துவைத்திருந்த பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மரத்திருந்தது. நர்ஸ் ஓடிவந்து மருந்தை நிறுத்தினார், கூட்டத்தை வெளியே அனுப்பினார். பதில் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.

ஆனால் வலி கேட்டது. மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் எங்கேயும் வலிக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. விறுவிறுவென்று நடந்து காட்டினால், ஒரு பாட்டிலில் போகிற வலிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள். கிடைத்த மரியாதை கொஞ்ச நாளாவது நிற்கட்டுமே என்று படுத்து முனக ஆரம்பித்தேன். வலித்தபோதெல்லாம் நடிப்பு என்றவர்கள், நடித்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன். அக்கா கால்கூடப் பிடித்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் நிஜமாகவே வலி திரும்பியது. அதை எப்படிச் சொல்வது? ஏற்கெனவே முனகிக்கொண்டுதானே இருக்கிறேன். பேசாமல் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனேன். என் கணவர் பின்னாலேயே வந்து, கையில் இருந்த சட்டியை வாங்கிக்கொண்டார்.

"திரும்ப வந்துருச்சா?"

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"நெசமா வலிச்சா நீ மொனங்க மாட்ட. பல்லக் கடிச்சுக்கிட்டு வேலை பாப்ப. இந்தப் பத்து நாளாத்தான் மொனங்குன."

"அப்ப ஆறு வருஷமாத் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சு என்னத்தப் பண்ண? நான் வாங்கிக்கவா முடியும்?"

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "ஒனக்கு வலிக்குறது எனக்குத் தெரியும்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னங்க? ஒரே ஒரு தடவ?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள். அவர் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், அதைச் சொன்னார்.