டைகர் எழுதிய பரீட்சை

எங்கள் நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தது நான்தான். 'நாய்க்குப் பேராம் முத்துமாலை' என்று பழமொழி சொல்லிக் கிண்டலடிப்பார் அப்பா. வீட்டுக்கு வருகிறவர்களின் செருப்பில் ஒற்றையை மட்டும் தூக்கிப்போய்ப் புதைப்பதைத் தவிர அது வேறு வீரம் எதுவும் காட்டியதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அப்பாவின் மேலதிகாரி ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார். அன்றைக்கே டைகரை ஜெகதாப்பட்டினத்தில் சிநேகிதரின் ஐஸ் கம்பெனிக்குக் காவலாக அனுப்பிவிடுவதென்று அப்பா முடிவெடுத்துவிட்டார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். சாப்பிடாமல் என்பது கொஞ்சம் மிகை, அழுதது நிஜம்.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. நாய்கள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன, எப்போது சந்தோஷமாக இருக்கின்றன என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதற்காகச் சோதித்துப் பார்க்க வீட்டு நாய்கள் தேவைப்பட்டன. வளர்ப்பவர்கள் விருப்பப்பட்டுக் கூட்டி வர வேண்டும். நான் உடனே டைகரின் பெயரைக் கொடுத்தேன். அந்தப் பரீட்சையில் பாஸாகிவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார். பரீட்சையன்று காலையில் அதற்குத் தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் எங்கள் வீட்டில் பரீட்சைக்குப் போகிறவர்கள் திருநீறு பூசி, வயிறு நிறையத் தயிர்சோறு தின்றுவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். அது அம்மாவின் சட்டம். டைகரை மட்டும் பட்டினியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் இரண்டையும் முறையாகச் செய்து முடித்தேன்.

அப்பாவும் நானும் டைகரைக் கூட்டிப்போனது புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அறைக்கு. கவிழ்த்த மூன்று கிண்ணங்களில் ஒன்றின் அடியில் பிஸ்கட். அத்தை கைகாட்டும் கிண்ணத்துக்கு நாய் போகிறதா என்று பார்ப்பார்கள். டைகர் கையைப் பார்த்தது, கிண்ணத்தைப் பார்த்தது, என் காலடியில் வந்து படுத்துத் தூங்கிவிட்டது. காலையில் ஏதாவது தின்றதா என்று அத்தை கேட்டார். இல்லை என்றேன். அதன் மீசையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை வேறு மாதிரி சொன்னது. நாய்க்கு இஷ்டமில்லாவிட்டால் வற்புறுத்தக் கூடாது என்று அத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டு, அப்பாவைத் தனியாக அழைத்து ஏதோ பேசினார். எனக்கு உயிரே போய்விட்டது. என் கையாலேயே அதை ஐஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேனே.

திரும்பும்போது வேனில், டைகர் பாஸா என்று பயந்து பயந்து அப்பாவிடம் கேட்டேன்.

"ரிசல்ட் வர ரொம்ப நாளாகுமாம் ஆத்தா. வர்ற வரைக்கும் இங்கிட்டே கெடக்கட்டும்."

அன்று முதல் அந்த ரிசல்ட் வரவே கூடாது என்று தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டினேன். அவ்வப்போது அப்பாவிடம் விசாரிப்பேன். இன்னும் வரவில்லை என்பார், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல். இடையில் எத்தனையோ செருப்புகள் போயின. டைகர் மேலும் பத்து வருஷம் இருந்து, எங்கள் கொல்லையிலேயே அடங்கியது.

கல்லூரி முடித்த பிறகுதான் அத்தையிடம் அந்த ரிசல்ட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதுல ஏது பாஸு, ஃபெயிலு? அன்னிக்கே அண்ணன்ட்ட சொல்லிட்டேனே."

அத்தனை வருஷமும் நான் நன்றி சொன்னதெல்லாம் சாமிகளுக்குத்தான்.