சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

மாமாவின் கால்குலேட்டரில் சமக்குறியே கிடையாது. மூன்றையும் ஐந்தையும் கூட்ட வேண்டுமென்றால் மூன்றைத் தட்டி, என்டரை அழுத்தி, ஐந்தைத் தட்டி, கடைசியில்தான் கூட்டல் பொத்தான். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புலியான எனக்கு இது பெரிய அதிசயம். ஒரகடம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம். அம்மாவின் தம்பியான மாமா, பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் தங்கி, ஒரு தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தார்.

"உள்ள டிபன் கேரியர் மாதிரி நாலு அடுக்கு கீது. புது நம்பர் கீழ பூந்துக்கும், மத்ததெல்லாம் மேல ஏறிக்கும்" என்றார்.

"அஞ்சாவது வந்தா?"

"மேல கீறது காணாம பூடும். சத்தமே வராது."

சத்தம் போடாமல் ஒரு எண் எங்கே போகும் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தகட்டில் வட்டமாகத் துளைகள் போட இடம் கணக்கிடும் புரோகிராம் ஒன்றை மாமா அதில் எழுதியிருந்தார். மறுநாள் சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மாமா போய்விட்டால் என் கேள்விகளுக்கு வீட்டில் ஆளே இல்லை.

அன்று மாலை என் கணக்கு மார்க் தொண்ணூற்றெட்டைத் தட்டி அவரிடம் கொடுத்தேன். "என் மார்க் உள்ள கீது மாமா, பத்திரம்!"

அவர் வட்டத்தின் அளவையும் துளைகளின் எண்ணிக்கையையும் கொடுத்துப் புரோகிராமை ஓட்டினார். விடை சரியாக வந்தது. "சூப்பர் மச்சான்!" என்றார் அப்பா. நான் கால்குலேட்டரைப் பிடுங்கி ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தேன். மார்க்கைக் காணோம்.

"என் மார்க்கத் துன்னுட்டியே!" என்று ஊரைக் கூட்டினேன்.

"இதுக்கெல்லாமாடி அழுவாங்க?" என்று அம்மா சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. "எங்க சூப்பர்வைசரும் பாதி கணக்க கால்குலேட்டர் உள்ளயே வெச்சிகினுதான் அடுத்தத போடுவாரு" என்று முணுமுணுத்தார்.

டீயைக்கூடத் தொடாமல் புரோகிராமைத் திருத்த உட்கார்ந்தார். நடுவில் வரும் எண்களை அடுக்கில் ஏற்றாமல் தனி மெமரியில் போட்டார். என் மார்க்கைத் திரும்பத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லி ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் விடைக்கு அடுத்த அடுக்கில் தொண்ணூற்றெட்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர், அம்மாவைத் தாண்டி வந்து மைசூர்பாகுப் பெட்டியை என் கையில் கொடுத்தார். மார்க்கைத் தின்றதற்கு அபராதம் என்று நினைத்து, பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

"சூப்பர்வைசர் நம்பர் காணாம பூடுச்சா?"

"இல்லடி, அப்படியே இருந்துச்சு" என்றவரின் கண் கலங்கியிருந்தது.

நம்பர்தான் பத்திரமாக இருந்ததே, பிறகு எதற்கு அழுகை என்று யோசித்துக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.