ஊருக்கே என்று எழுதியவர்

சித்தூர்ச் சித்திரசாலையின் வாசலில் பதினொரு வருஷம் நின்ற முனிரத்தினம், தொழிலால் பலகை எழுதுகிறவர். ஆந்திரா தனி ராஜ்யமான பிறகு அவருக்குக் கை ஓயாத வேலை. தமிழில் இருந்த கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறின. எல்லைத் தகராறில் 'சித்தூர் மதராசுக்குப் போகப்போகிறது' என்று ஒரு வதந்தி கிளம்பினால், அதே கடைக்காரர்கள் தமிழையும் ஓரத்தில் எழுதச் சொல்லி ஓடிவருவார்கள்.

"எல்லை எந்தப் பக்கம் போனா எனக்கின்னா? பெயின்ட்டு ரெண்டு பக்கமும் காயும்" என்பார் அவர்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஊர்ப் பிரமுகர்கள் ஒரு கமிட்டி போட்டு, மூடிக்கிடந்த வேர்க்கடலை மண்டி ஒன்றுக்கு வெள்ளையடித்துச் சித்திரசாலையாகத் திறந்தார்கள். பலகை எழுத வந்த முனிரத்தினத்துக்குப் படத்தைக் கோணாமல் மாட்டவும் தெரிந்திருந்தது. அப்படியே வாசல் காவலுக்கும் நின்றுவிட்டார்.

அந்த மண்டித் தரையில் எத்தனை முறை பெருக்கினாலும் கோணி தைத்த ஊசியும் துருப்பிடித்த ஆணியும் தீரவில்லை. ஜனங்களோ கோயிலுக்கு வருவதுபோல வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். ஏரிக்கரைப் படம் ஒன்றின் முன்னால் ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன். முனிரத்தினம் ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொல்வார்:

"செருப்பு போட்டுக்கினே வாங்க. உள்ள சாமி இல்ல, ஆணிதான் இருக்குது."

மூடநம்பிக்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய மேடைகளை நான் அறிவேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

கமிட்டியின் காரியதரிசி நாகேந்திரன். வீட்டில் தமிழ் பேசுவார். கமிட்டியில் தெலுங்குக்காக மேஜையைத் தட்டுவார். வாசலில் தெலுங்குப் பலகை மேலே, தமிழ்ப் பலகை கீழே. சந்தேகம் வந்தால் தெலுங்கே செல்லும் என்று தீர்மானமே நிறைவேற்றினார். பலகைக்கான வாசகத்தையும் தெலுங்கில் அவரே சொன்னார்: "பிரவேசம் ஊரிக்கே." தெலுங்கில் ஊரிக்கே என்றால் சும்மா, காசில்லாமல். முனிரத்தினம் தெலுங்கைச் சரியாக எழுதினார். பிறகு, உச்சி வெயிலில், அதே ஏணியில், அந்த வார்த்தை காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தமிழ்ப் பலகையில் எழுதினார்: "பிரவேசம் ஊருக்கே." அந்தத் தப்பை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும், ஊருக்கே திறந்துவிட்டிருக்கிறார்கள், நல்லதுதானே என்று போய்விட்டார்கள்.

அடுத்த பொங்கலுக்கு நடந்த கண்காட்சியில் மிஷன் பள்ளி டிராயிங் டீச்சர் கிரேஸ் வரைந்த 'விறகுக்காரி' மாட்டப்பட்டது. படத்தில் இருந்தவள் செங்கம்மா. புத்தலப்பட்டுக்கு இப்பால் ஒரு சேரியிலிருந்து பள்ளி விடுதிக்கு விறகு சுமந்து வருகிறவள். நாலு சனிக்கிழமை டீச்சர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். முடியும்வரை பார்க்கக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டதால், படத்தை அவள் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள், விடுதியில் சுமையை இறக்கிவிட்டு நேராகச் சித்திரசாலைக்கு வந்தாள். செருப்பு இரண்டும் கையில். ஊர்த் தெருவில் சேரிக்காரர்கள் செருப்பைக் கையில்தான் எடுத்துப் போகவேண்டும் என்பது இந்த நாட்டின் மேன்மையான பழக்கங்களில் ஒன்று.

திருப்பதியிலிருந்து வந்த ஒரு வக்கீலுக்கு மாலை போட்டு வரவேற்றுக்கொண்டிருந்த நாகேந்திரன் அவளைப் பார்த்துவிட்டார்.

"ஏய், எங்க வர்றே?"

"என் படம் மாட்டிக்கீறாங்களாம் சாமி. ஒரு தபா பாத்துட்டு போய்டறேன்."

"பலகையில இன்னா எழுதியிருக்குது தெரியுமா? ஊருக்கே. நீ ஊரா? சேரிதானே?"

தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து மூன்று வருஷம் தாண்டியிருந்தது. அவள் முகத்தைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் நின்று ரசிக்கலாம். அந்த முகத்தின் சொந்தக்காரி படியேறக் கூடாது! நான் ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன். ஆனால் என் வாயிலிருந்து வார்த்தை வருமுன் முனிரத்தினம் குறுக்கே வந்துவிட்டார். தன் தூரிகை செய்த தப்பு ஒருத்தியை வாசலில் நிறுத்துவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, அது என் கைத்தப்புங்க."

"தப்போ சரியோ, எழுதினது எழுதினதுதான். அதான் ரூல்."

"அப்ப சரிங்க. சந்தேகம் வந்தா எந்தப் பலகை செல்லும்?"

நாகேந்திரன் வக்கீலின் மாலையைச் சரிசெய்யத் திரும்பினார்.

"நீங்கதானே தீர்மானம் போட்டீங்க? அன்னிக்கி மைக்கூடு கொண்டாந்து வச்சவனே நான்தான். தெலுங்குதானே செல்லும்? மேல பாருங்க. ஊரிக்கே. அதுல ஊரும் இல்ல, சேரியும் இல்ல. சும்மா வந்து பாருன்னு அர்த்தம்."

கழுத்தில் மாலையோடு நின்ற வக்கீல் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார். "நிஜமே கதா, நாகேந்திரன் காரு!" உண்மைதானே என்று அவரும் தெலுங்கிலேயே சொல்லிவிட்டார்.

தெலுங்குக்கு எதிராகப் பேச நாகேந்திரனால் முடியுமா? முனிரத்தினத்தின் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "நாளைக்கு நீ இந்த வாசல்ல இருக்கமாட்டே."

"இன்னிக்கி இருக்கறேனே" என்றார் முனிரத்தினம். பிறகு செங்கம்மாவிடம் சொன்னார்: "செருப்பு போட்டுக்கினு வாம்மா."

அவள் திகைத்தாள். "இவங்க எதுர்லியா அண்ணா?"

"உள்ள ஆணி இருக்குது. யார் காலுன்னு அதுக்குத் தெரியாது."

செருப்பைக் கீழே போட்டாள். ஒரு காலை நுழைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுகாலையும் நுழைத்தாள். படியேறி, நேராகத் தன் படத்தின் முன்னால் போய் நின்றாள். படத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூஞ்சி நானேதான்" என்றாள் கடைசியில். "சுமைய மட்டும் டீச்சரம்மா பாதிகூட எழுதல. இவ்ளோண்டு தூக்கினு போனா எனக்கு யாரு கஞ்சி ஊத்துவாங்க?"

முனிரத்தினம் சிரித்துவிட்டார். அவள் நகர்ந்து அடுத்த படத்துக்குப் போனாள்.

"எல்லாத்தியும் பாக்கப் போறியா?"

"ஊரிக்கேதானே அண்ணா?"

மறுநாளும் முனிரத்தினம் அதே வாசலில்தான் இருந்தார். அத்தனை பேர் எதிரில் நடந்த விஷயத்துக்காக அவரை விலக்கக் கமிட்டிக்குத் துணிச்சல் வரவில்லை. காலையிலேயே ஏணி போட்டு, தமிழ்ப் பலகையில் 'ஊருக்கே' என்பதை டர்பன்டைனால் துடைத்துவிட்டு 'யாரும் வரலாம்' என்று எழுதினார். எழுதச் சொல்லி யாரும் தீர்மானம் போடவில்லை.

எந்தக் கிராமம் எந்த ராஜ்யத்துக்கு என்று பெரியவர்கள் வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அறுபதில் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சித்தூர் இந்தப் பக்கம் நின்றது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த எல்லையைப் பேச எந்தக் கமிஷனும் வரவில்லை. அதில் மூன்றடி அகலத்துக்கு வழி விட்டவர் ஒரு பலகை எழுத்தாளர். இந்த ஊரில் நான் கைகூப்பி நன்றி சொல்ல நினைக்கும் மனிதர்கள் சிலரே. முனிரத்தினம் அவர்களில் முதல்வர்.

அடுத்த சனிக்கிழமை செங்கம்மா ஏழு பெண்களை அழைத்துக்கொண்டு வந்தாள். எல்லார் கையிலும் செருப்பு. முனிரத்தினம் வாயைத் திறப்பதற்குள் அவளே படியில் ஏறி நின்று திரும்பினாள்.

"போட்டுக்கினு வாங்கடி! உள்ள ஆணி இருக்குது."