அண்ணி வாயை மூடிய நாள்

எங்கள் அண்ணிக்குத் திட்டாமல் பால் கறக்கத் தெரியாது. விடிந்ததும் கொட்டிலுக்குள் போனால், மடியைக் கழுவுவதிலிருந்து பாலை வடிகட்டுவது வரைக்கும் ஒவ்வொரு ஆட்டையும் வறுத்தெடுப்பாள். புல்லுக்கட்டோடு போகிற எனக்கும் சேர்த்து விழும். ஆடுகள் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

குட்டியிலிருந்து அவள் வளர்த்த மகாராணியை இந்த வருஷம் கறவை ஆட்டுப் போட்டிக்குக் கொண்டுபோனோம். மடி நிறைந்து தெரியட்டும் என்று அன்று காலையில் கறக்கவில்லை. நடுவர் முன்னால் மரியாதையாக இருக்க வேண்டுமென்று அண்ணி வாயை இறுக மூடிக்கொண்டு ஆட்டை நடத்திப் போனாள்.

மகாராணி ஒரு சுற்றுகூட ஒழுங்காக நடக்கவில்லை. திரும்பித் திரும்பி அண்ணியின் முகத்தைப் பார்த்துக் கத்தியது. மடியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்த நடுவரை உதைக்கப் போனது. அண்ணி தடவிக்கொடுத்தாள். அது இன்னும் மிரண்டது.

வேலிக்கு வெளியே நின்ற அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அடியே, திட்டித் தொலை!" என்று கத்தினான்.

"மானத்தை வாங்காதே, கழுதை! காலை ஒழுங்கா வை!" என்றாள் அண்ணி.

மகாராணி நாலு காலையும் ஊன்றி நின்று அசைபோட ஆரம்பித்தது. இரண்டாம் பரிசு கிடைத்தது.

திரும்பும்போது வண்டியில், "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"எனக்கும் அப்படித்தானே? இவ சத்தம் கேக்கலேன்னா கையும் ஓடாது, காலும் ஓடாது."

பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை அண்ணன் திரும்பித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.